குட்டி முதலில்

செப்டெம்பர் 30, சனி

சூட்டுப் பரீட்சை பாஸ். ஐந்து குண்டும் கடதாசி மானின் நெஞ்சு வட்டத்துக்குள். பரீட்சித்த மனுஷன் கடதாசியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கமாக ஓடிப் பழகியவள், ஐம்பத்தொரு வயதில் நோர்வேக் குளிரில் குப்புறப் படுத்துச் சுட்டுவிட்டு வந்திருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பா.

எல்லாம் தூருனின் வேலை. நானும் அவளும் முதியோர் இல்லத்துக் குசினியில் ஒரே மேசையில் நின்று வருஷக்கணக்காக உருளைக்கிழங்கு சீவுகிறோம். மகள் ஆரணி படிக்க ஒஸ்லோவுக்குப் போன பிறகு, பின்னேரங்களில் வீட்டில் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த கிழமை வேட்டைப் பரீட்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்து உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆனால் நான் வேட்டைக் குழுவில் சேர்ந்தது லீக்ஸுக்காக. அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டிப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்த லீக்ஸை ஒரு மான்குட்டி வந்து வந்து தின்கிறது. இடது காது நுனி கிழிந்த குட்டி. யன்னலைத் தட்டினால் நிமிர்ந்து என்னைப் பார்க்கும், பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இவரிடம் பாஸ் என்று சொன்னேன். "ஆரைச் சுடப் போறீர்?" என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் வந்து, மலையில் போன் வேலை செய்யுமோ என்று விசாரித்தார்.

ஒக்டோபர் 7, சனி

குழுவுடன் முதல் கூட்டம். குழு என்றால் நான்கே பேர். தலைவர் ஊலாவ், எழுபது தாண்டிய செம்மறிக்காரர். ஒரு வசனம் பேசினால் அடுத்ததுக்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கராஜ் வைத்திருக்கும் ஆர்ன, தூருன், நான்.

இந்த வருஷம் எங்கள் பங்குக்குக் கிடைத்த அனுமதியில் பெரிய மான்களை அவர்கள் செப்டெம்பரிலேயே சுட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு குட்டி. அதைப் புது ஆளான எனக்கு விட்டு வைத்திருக்கிறார்களாம். மரியாதையா, சோதனையா என்று தெரியவில்லை.

ஊலாவ் இரண்டு விதி சொன்னார். ஒன்று, குட்டி முதலில். தாயும் குட்டியுமாக வந்தால் தாயைச் சுடக் கூடாது, ஏனென்றால் தாய் இல்லாத குட்டி பனியைத் தாண்டாது. தாயைச் சுட்டுக் குட்டியைத் தனியே விட்டவனுக்கு இந்தக் குழுவில் கோப்பி கிடையாது. இரண்டாவது, துவக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் சுடலாம், விடலாம். விட்டவரிடம் ஏன் விட்டாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

கேட்காமல் எப்படி இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் துவக்கைக் கீழே வைக்க முதலே கேட்டிருப்பார்கள்.

ஒக்டோபர் 14, சனி

விடிய முதல் போய் எனக்குத் தந்த இடத்தில் குந்தியிருந்தேன். காட்டு விளிம்பில் ஒரு பாறை, முன்னால் ஊலாவின் புல்வெளி, கீழே வளைந்து போகும் வீதி. மூன்று மணித்தியாலத்தில் கண்டது ஒரு முயல். என் தொடைகள் குளிரில் மரத்துப் போய், எழும்பும்போது மரப்பாச்சி மாதிரி நடந்தேன். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, வெளிச்சம் வருகிறபோது மலைகளுக்குள் புகுந்த அந்த ஃபியோர்ட் கடல்தண்ணி கிடந்த கிடப்பு வடிவு.

வீட்டுக்கு வந்தால் இவர் அப்போதுதான் பாண் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார். கடை திறப்பது ஒன்பதுக்கு, இவர் காரை எடுத்ததோ எனக்குப் பின்னாலேயே. இருபத்தேழு வருஷத்தில் இல்லாத பக்தி இவருக்குத் திடீரென்று பாணில்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

கலண்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். செவ்வாய் கேதார கௌரி விரதம் தொடங்குகிறது. இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு, மச்சம் மாமிசம் கிடையாது. எங்கள் பெண்கள் புருஷனின் நலத்துக்காகப் பிடிக்கிற விரதம், நான் ஒரு வருஷமும் தவற விட்டதில்லை. கையில் காப்புநூலுக்கும் துவக்குக்கும் ஒரே மாதத்தில் தேதி கொடுத்திருக்கிறேன்.

பேர்கனுக்குப் போன் எடுத்துச் சறோ அக்காவிடம் கேட்டேன். கோயில் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் இந்த நாட்டில் அவதான் நீதிமன்றம். நீண்ட நேரம் யோசித்தா. பிறகு, தின்னக் கூடாது என்றுதான் இருக்கிறது, குளிருக்குள் குந்தியிருக்கக் கூடாது என்று ஒரு இடத்திலும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னா. சுடலாமா என்ற கேள்விக்கு மட்டும், அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டா.

ஒக்டோபர் 28, சனி

வந்தது.

முதலில் தாய் வெளியே வந்து காற்றை மணந்து பார்த்தது. பின்னால் குட்டி. தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தால், கிழிந்த காது. என் லீக்ஸ் கள்ளன்தான். நல்ல கிட்ட. பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. பரீட்சையில் கடதாசி மான்கூட இவ்வளவு ஒத்துழைக்கவில்லை. துவக்கின் பூட்டைத் தள்ளினேன், விரலை வைத்தேன்.

தாய் திரும்பி வந்து அதன் கழுத்தை நக்கத் தொடங்கியது. குட்டி விலகப் பார்க்கிறது, தாய் விடாமல் நக்குகிறது. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் நிற்கிற பிள்ளைக்குத் தலை வாரி இழுக்கிற மாதிரி. வெயில் மரத்துக்கு மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டும் உள்ளே போய்விட்டன.

நான் சுடவில்லை. விரதம். விரத நாளில் உயிர் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கோப்பி நேரம் சொன்னேன், குட்டி வந்தது, நான் விட்டேன் என்று. ஊலாவ் தலையாட்டினார். ஆர்ன சீனி தந்தான். தூருன் வானத்தைப் பார்த்து மழை வரும் என்றாள். நான் கேதார கௌரி விரதத்தின் வரலாறு முழுவதையும் நோர்வே மொழியில் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒக்டோபர் 29, ஞாயிறு

ஒருவரும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 30, திங்கள்

பொறுக்க முடியாமல் குசினியில் நானே தூருனிடம் தொடங்கினேன். ஈரக் கையைத் தூக்கி மறித்துவிட்டாள். "நீ சொல்லத் தேவையில்லை." அவள் எனக்குப் பெரிய மரியாதை செய்வதாக நினைக்கிறாள். வயிற்றுக்குள் ஒரு கதையை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுகிற பாட்டை அவள் அறிய மாட்டாள்.

இரவு ஆரணி போன் எடுத்தாள். குட்டியை விட்டதைச் சொன்னேன். எங்கள் இரத்தம் அல்லவா, உடனே கேட்டாள்.

"பாவம் பாத்து விட்டனீங்களோ அம்மா?"

"விரதமடி."

சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை. நத்தார் விடுமுறைக்கு வருவாளாம், நிச்சயமில்லையாம், வேலை கிடைத்தால் அங்கேயே நிற்பாளாம். நல்லது. பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கத்தானே வேண்டும். அவளுடைய அறையைக் கூட்டித் துடைத்து, போர்வை மாற்றிவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 4, சனி

எப்படி எழுதுவது.

நான் பாறையில் இருந்தேன். இன்னும் சரியாக விடியவில்லை. கீழே வீதி வளைவில் பிரேக் இழுபடுகிற சத்தம், பிறகு மொத்தென்று ஒரு அடி. ஊலாவ் மற்றப் பக்கமிருந்து ஓடினார். நானும் துவக்கை வெறுமையாக்கிவிட்டு இறங்கினேன்.

குறுக்காக நின்றது எங்கள் கார். முன் விளக்கு உடைந்து தொங்கியது. வீதி ஓரம் தாய்மான் கிடந்தது, அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மற்ற ஓரத்தில், பற்றைக்குள், கிழிந்த காது. எங்களைக் கண்டதும் மேலே ஓடியது, நின்று திரும்பிப் பார்த்தது, திரும்பவும் ஓடியது.

இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் பல்லுப் பல்லோடு அடித்தது. "பாண் வாங்க வந்தனான்" என்றார். பாண் கடை மற்றப் பக்கம்.

ஊலாவ் பொலிசுக்கு அறிவித்தார், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். பிறகு தன் கோப்பியை ஊற்றி இவர் கையில் வைத்து, குடித்து முடிக்கும்வரை கோப்பையின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயைக் கொன்றவனுக்குக் கோப்பி இல்லை என்று சொன்ன மனுஷன். அந்த இடத்தில்தான் எனக்குக் கண்ணீர் வந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

இவர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. விரதம் பிடிப்பது நான், மெலிவது இவர். மத்தியானம் கேட்டார்.

"நான் ஒவ்வொரு நாளும் உமக்குப் பின்னால வந்து கீழ நிண்டனான். உமக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். விரத காலத்தில் இந்த ஒரு பொய்தான்.

நவம்பர் 8, புதன்

பின்னேரம் குட்டி தனியே வளவுக்கு வந்தது. லீக்ஸைத் தொடவில்லை. வேலியோரம் நின்று கத்தியது. அதன் குரலை நான் இதுவரை கேட்டதில்லை, மெல்லிசாக மூக்கால் ஒரு சத்தம். இவர் கரட் வெட்டிக்கொண்டு போய் வைத்தார். ஆளைக் கண்டு ஓடிவிட்டது. கரட்டைப் பக்கத்து வீட்டு நாய் தின்றது.

மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. தூருனிடம் கேட்டேன், தீவனம் வைத்தால் பிழைக்காதோ என்று. வேறு தாய் சேர்க்காதாம். கூட்டம் உதைத்துக் கலைக்குமாம், கலைபட்ட குட்டிக்கு மிஞ்சுவது பனி ஆழமான இடம்தானாம். தை மாசிவரை மெதுவாக எலும்பாகி, ஒருநாள் எழும்பாது. போன வருஷம் இளவேனிலில் ஊலாவின் வேலியோரம் அப்படி ஒன்று கிடந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் உருளைக்கிழங்கைச் சீவவில்லை.

இரவு ஊலாவ் போன் எடுத்தார். அவர் போன் எடுப்பதே அதிசயம். குட்டி அனுமதி இன்னும் இருக்கிறது, ஆர்ன செய்வான், நீ வராமலே இருக்கலாம், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்றார். நான்கு வசனம். பிறகு, "ஆனால் அது உன் இடம். நீதான் சொல்ல வேண்டும்" என்றார். விரதம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

விட்டது நான். அன்றைக்கே சுட்டிருந்தால் அது ஒன்றும் அறியாமல், கழுத்தில் தாயின் எச்சிலோடு போயிருக்கும். தாய் உயிரோடு இருந்திருந்தால் நான் விட்டது சரி. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நித்திரை வருகுதில்லை.

நவம்பர் 13, திங்கள்

பேர்கன் கோயிலில் விரதம் முடித்துக் காப்புக் கட்டியாயிற்று. சறோ அக்கா அதிரசம் கட்டித் தந்தா. கூடவே மான் விஷயம் என்னவாயிற்று என்று பூசை நடக்கும்போதே மூன்று தரம் கேட்டா. கேட்டது ஆறுதலாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது வாடகைக் காரை இவர் நத்தை மாதிரி ஓட்டினார். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தும் இவர் கணக்கெடுக்கவில்லை. பாலம் தாண்டியதும் கதையைத் தொடங்கினார்.

"அண்டைக்கு விரதமெண்டுதான் விட்டதெண்டால், இண்டையோட விரதம் முடிஞ்சுது."

"ம்."

"விரதத்துக்காக விடேல்லை எண்டால்?"

வெளியே பார்த்தேன். மழை. அதிரசப் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது.

"அது தாயோட நிண்டது" என்றேன்.

"இப்ப?"

"இப்ப தனிய நிக்குது."

இவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாட்டு வழக்கம் இவருக்கும் ஒட்டிவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஆர்னவைச் சுட விடுறது சுகம்" என்றார். ஓம், சுகம்தான் என்றேன். பிறகு ஊலாவுக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை நான் வருகிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 18, சனி

இந்த முறை இவர் பாண் என்று சொல்லவில்லை. "நான் கீழ காருக்குள்ள இருப்பன். சொல்லிப்போட்டு இருக்கிறன்" என்றார். சரி என்றேன். மனசுக்குத் தெம்பாக இருந்தது, அதை இவரிடம் சொல்லவில்லை.

புல்வெளியில் மெல்லிய பனி. எட்டரைக்குப் பிறகு ஒரு தாய்மான் தன் குட்டியோடு வந்தது. கொஞ்சம் பின்னால், கிழிந்த காது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தத் தாய்க்குக் கிட்டப் போனது, அது காதைப் பின்னால் மடித்து முன்காலால் அடித்தது. விலகி நின்று திரும்பவும் போனது, திரும்பவும் அடி. நான் வாய்விட்டுத் தமிழில் சொன்னேன், சேர்த்தால் என்ன குறைந்து போவாய் என்று. அந்தத் தாய்க்கு அது கேட்டிருந்தாலும் சேர்த்திருக்காது. அதற்கு ஒரு குட்டிக்குத்தான் பால் இருக்கும், இடம் இருக்கும்.

இரண்டும் உள்ளே போய்விட, இது மட்டும் புல்வெளி நடுவில் நின்றது.

ஆர்னவிடம் விட்டால் என் கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான், குட்டிக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. இன்றைக்கும் விட்டேன் என்றால் எனக்கு நத்தார்வரை நல்ல மனுஷி என்று ஒரு நினைப்பு இருக்கும். அந்த நினைப்புக்கான பசியை அது தைமாதம் பனிக்குள் கிடந்து அனுபவிக்கும். அப்படி ஒரு நல்ல பெயர் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

காப்புநூல் கட்டிய கையில்தான் துவக்கின் பாரம் இருந்தது. பக்கம் திரும்பும்வரை பொறுத்தேன். திரும்பியது. சுட்டேன்.

இரண்டு அடி வைத்தது, படுத்தது. அதற்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது. அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் நான் நன்றாகச் சுட்டேன். துவக்கை வெறுமையாக்கிப் பூட்டிவிட்டு, பரீட்சைப் புத்தகத்தில் சொன்னபடி ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதேன். இந்த நாட்டு முறைப்படி இல்லை, எங்கள் முறைப்படி, சத்தம் வைத்து.

மூவரும் வந்தார்கள். ஊலாவ் தொப்பியைக் கழற்றி என் கையைப் பிடித்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது.

குட்டியைக் கீழே இழுக்கக் கயிறு கட்டும்போது, மரங்களுக்குள் மூச்சிரைப்பும் கிளை முறிகிற சத்தமும். இவர். வேலை செய்கிற சல்மன் மீன் தொழிற்சாலைச் சப்பாத்தோடு, அரைவாசி வழுக்கி, அரைவாசி தவழ்ந்து ஏறி வந்திருக்கிறார். கோழியின் இரத்தத்துக்கே முகம் திருப்புகிறவர். குட்டியைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், கயிற்றின் ஒரு பக்கத்தைக் கையில் சுற்றினார்.

ஒருவர் இழுக்கிற பாரம்தான். இருந்தும் வீதிவரை இருவருமாக இழுத்தோம்.

நவம்பர் 25, சனி

இறைச்சி ஒரு கிழமை தொங்கி, இன்றைக்கு ஊலாவின் கொட்டிலில் பங்கு. இவர் இஸ்திரி போட்ட சேட்டும், கையில் இரண்டு பிளாஸ்டிக் பெட்டியுமாக வந்து வாசலிலேயே நின்றார். கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி. ஒரு பெட்டி எங்களுக்கு, மற்றது சறோ அக்காவுக்காம். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாரோ.

இவர்கள் பங்கு வைக்கிற முறையை இன்றைக்குத்தான் கண்டேன். இறைச்சியை ஒரே அளவாகக் குவியல் குவியலாக மேசையில் வைப்பார்கள். சுட்டவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு குவியலில் கை வைத்து இது யாருக்கு என்று கேட்பார். காணாமலே ஒரு பெயர் சொல்ல வேண்டும், சொன்ன பெயருக்கு அந்தப் பங்கு. பிறகு நல்ல துண்டு, கூடாத துண்டு என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. எங்கள் ஊரில் இந்த முறை இருந்திருந்தால் எத்தனை காணி வழக்கு மிச்சப்பட்டிருக்கும்.

நாங்கள் நான்கு பேர், மேசையில் ஐந்து குவியல். ஒன்று கூடிவிட்டது என்று ஊலாவிடம் சொன்னேன்.

"இழுத்தவருக்கும் உண்டு" என்றார்.

திரும்பி நின்றேன். சுவரில் பழைய செம்மறிக் கத்தரிக்கோல்கள் தொங்கின. தூருன் பின்னாலிருந்து கேட்டாள், இது யாருக்கு. ஊலாவ் என்றேன். இது யாருக்கு. தூருன். இது. எனக்கு. இது. ஆர்ன.

இது யாருக்கு.

அப்போதுதான் விளங்கியது. நான் இவர் பெயரைச் சொல்வதில்லை. இருபத்தேழு வருஷமாக இஞ்சருங்கோ, ஆரணியின் அப்பா, இவர். ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். தூருனுக்குக்கூட 'என் மனுஷன்' என்றுதான் தெரியும். இந்தக் கொப்பியிலும் ஒரு இடத்திலும் இல்லை, இப்போது திருப்பிப் பார்த்தேன். புருஷனின் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுளுக்குக் கூடாது என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான்.

என் மனுஷனுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். "பெயர்" என்றார் ஊலாவ். அவருக்கு விதி விதிதான்.

ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று இந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, நாள் முழுக்க நின்றாலும். பாண் வாங்கப் போகிறேன் என்று இருட்டில் என் பின்னால் வந்த மனுஷனை நினைத்தேன். இரத்தத்தைக் கண்டால் முகம் திருப்புகிறவர் கயிற்றைக் கையில் சுற்றியதை நினைத்தேன். ஆயுளுக்கு இருபத்தொரு நாள் விரதம் பிடித்துக் காப்பும் கட்டியிருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும்.

"பரராஜசிங்கம்" என்றேன், சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க.

வாசல் பக்கமிருந்து, வகுப்பில் வரவு இடாப்பில் பெயர் கூப்பிடப்பட்ட பொடியன் மாதிரி, "ஓம்" என்று ஒரு சத்தம் வந்தது.